டிரங்க் கால் பெஞ்சுக் கிறுக்கல்கள்

தேரிவிளைத் தபாலாபீஸில் வெளியூரோடு போனில் பேச டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் கிறுக்கிய படங்கள் தாளைவிட்டு இறங்கி நடந்தன என்பதில் அவ்வூரார் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. முதலில் இறங்கியது எது என்பதில்தான் உண்டு. கோயில் தெருக்காரர்கள் சொல்லும் பாடத்தில் அது வாத்து. சந்தைத் தெருப் பாடத்தில் அது கொக்கு. தேரிக்கரைப் பக்கத்தார், அது வெறும் இரண்டு என்னும் எண்தான், அலகும் கண்ணும் வைப்பதற்குள் அவசரப்பட்டு இறங்கிவிட்டது என்று சாதிப்பார்கள். மூன்று பாடங்களும் ஒத்துப்போகிற இடம், அதற்குக் காலில்லை என்பதும், காலில்லாமலேயே அது கருப்பட்டி வியாபாரி தங்கையாவின் மடியிலிருந்து பெஞ்சுக்கும், பெஞ்சிலிருந்து சிமெண்டுத் தரைக்கும், தரையிலிருந்து வாசற்படிக்கும் வழுக்கிக்கொண்டே போய், வெயிலில் ஒரு கணம் நின்று திசை பார்த்துவிட்டு வடக்கே திரும்பியது என்பதும்தான்.

தங்கையா அன்று பம்பாய்க்குக் கால் போட்டிருந்தார். பம்பாய்க்குக் கால் போட்டால் லைன் கிடைக்க மூன்று மணி நேரம், மதராஸுக்கு இரண்டு, மதுரைக்கே சில நாட்களில் ஒன்றரை. காத்திருப்பவர்களுக்கென்று சன்னலோரம் ஒரு பெஞ்சும், பெஞ்சின் கையில் சணலால் கட்டிய ஒரு பென்சிலும், பழைய தந்திப் படிவங்களை இரண்டாகக் கிழித்து ஆணியில் குத்திய தாள்கட்டும் இருந்தன. பேச வேண்டியதைக் குறித்து வைத்துக்கொண்டால் மூன்று நிமிடத்துக்குள் பேசி முடிக்கலாம் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ஆனால் பேச வேண்டியதை எவரும் குறித்ததில்லை. கண் சன்னலுக்கு வெளியே இருக்கும், மனம் எங்கோ இருக்கும், கை மட்டும் இங்கே இருந்துகொண்டு பூவோ மீனோ போட்டுக்கொண்டிருக்கும்.

தங்கையாவின் வாத்து போய் உட்கார்ந்த இடம் அவருடைய பழைய கூட்டாளியின் வீட்டுச் சன்னல். பனை ஏலத்தில் உண்டான மனத்தாங்கலில் இருவரும் பேசி ஆறு வருஷமாகியிருந்தது. கூட்டாளி மறுநாள் காலையில் தபாலாபீஸுக்கே வந்தார்.

"வே தங்கையா, உம்ம வாத்து எங்க சன்னல்ல இருக்கு."

"எவம்வே சொன்னான் அது எனக்குள்ளதுன்னு?"

"கழுத்து கோணலா இருக்கு. உம்ம கையெழுத்தும் அப்படித்தான இருக்கும்."

இருவரும் சேர்ந்து டீ குடிக்கப் போனார்கள். அதற்குப் பிறகு இறங்கிய ஒவ்வொன்றையும் ஊர் கவனித்துப் பார்த்தது. பார்த்ததில், கிறுக்கும்போது மனம் யாரைச் சுற்றிக்கொண்டிருந்ததோ அவரிடம்தான் கிறுக்கல் போகிறது என்று தெரிந்தது. வரைய வேண்டும் என்று வரைந்தால் எதுவும் எழாது. வேறெங்கோ போயிருக்கிற மனத்துக்குத் தெரியாமல் கை போட்டதுதான் எழும். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரின் குடை, விரித்தது விரித்தபடி, தெருவெல்லாம் உருண்டு போய், இட்லிக் கடை வைத்திருந்த அன்னம்மையின் கூரையில் ஏறிக்கொண்டது. மனைவியை இழந்து ஒன்பது வருஷமான அந்த மனிதர் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் இட்லி சாப்பிடப் போனார். அடுத்த வைகாசியில் பெட்டி படுக்கையோடு அங்கேயே குடிபோனார்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்துவிடவில்லை. சில கிறுக்கல்கள் போகக்கூடாத வீட்டு வாசலில் போய் நின்றன. ஆகவே ஊர் கூடிச் சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டது. யாருடைய கிறுக்கல் யார் வீட்டுக்குப் போனது என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கலாகாது, கேட்டாலும் சொல்லலாகாது. ஒன்று கடந்து போகும்போது பெஞ்சிலிருப்பவர்கள் கூரை முகட்டைப் பார்க்க வேண்டும். சாலையில் சைக்கிளில் வருகிறவர்கள் மணியடித்து ஒதுங்க வேண்டும். பென்சிலை அழிக்கும் ரப்பரைக் கண்ணாடிச் சாடியில் வைத்து விற்றுவந்த கடைக்காரர், இனிமேல் அதை உள்ளே, மூடிபோட்ட டப்பாவில் வைத்து விற்க வேண்டும். கிறுக்கல்கள் நடப்பது சமயத்துக்கு விரோதமா என்று கேட்டதற்கு, பிஷப்புக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும் என்றார் ஐயர்வாள் என்று அழைக்கப்பட்ட கிறிஸ்தவக் கோயில் குருவானவர். அம்மன் கோயில் பூசாரி, அவர்களுக்குப் பதில் வரட்டும், நான் சொல்லுகிறேன் என்றார். பதில் வரவேயில்லை. அதற்குள் எல்லா வீட்டுச் சன்னலிலும் ஒன்றிரண்டு உட்கார்ந்துவிட்டன. அவை தின்னவில்லை, கத்தவில்லை. உடம்பென்று எதுவும் இல்லாமல் கோடு மட்டுமாக இருந்ததால் அவற்றின் ஊடாகத் தெருவைப் பார்க்கலாம். நடக்க நடக்கப் பென்சில் தேயும். தூரத்திலிருந்து வந்தவற்றுக்கு வால் இருக்காது. பெண்கள் வீடு பெருக்கும்போது அவற்றைத் தூக்கி வைத்துவிட்டுப் பெருக்கினார்கள்.

வரையக் கை வராதவர்களின் வருத்தம் தனி. காத்திருக்கும் மூன்று மணி நேரமும் வெறுந்தாளை மடியில் வைத்துக்கொண்டு எழுந்து போகிறவர்களைப் பார்த்து மனம் பொறுக்காமல், டிராயிங் மாஸ்டர் மாசிலாமணி ஓர் அட்டையில் பன்னிரண்டு எளிய படங்களைப் போட்டுப் பெஞ்சுக்கு மேலே மாட்டினார். யோசிக்காமல் போடும்படியாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய நிபந்தனை. இரண்டிலிருந்து வாத்து, குறுக்கே வெட்டிக்கொள்ளும் இரண்டு வளைகோடுகளில் மீன், ஐந்து இழுப்பில் பனை, ஆவி பறக்கும் டீ கிளாஸ், கால் முளைத்த எலுமிச்சம்பழம், முகம் வரையத் தெரியாதவர்களுக்காக முதுகுப்பக்கமிருந்து பார்த்த பூனை. பூனைக்கு ஒரு பாட்டு கூடப் பரவியது. கோயில் தெருவில், "பெரிய பணியாரம், மேல சின்னப் பணியாரம், ரெண்டு மிளகா வத்தல், ஒரு சாட்டை" என்று சொல்லிக்கொண்டே போட்டார்கள். சந்தைத் தெருவில் பணியாரத்துக்குப் பதில் கருப்பட்டி. தேரிக்கரையில் வத்தலை விட்டுவிட்டு நேரே சாட்டைக்குப் போய்விடுவார்கள். ஆகவே அந்தப் பக்கத்துப் பூனைகளுக்குக் காது கிடையாது.

மாசிலாமணி சாரின் கை மட்டும் அவருக்குத் துரோகம் செய்தது. பாயும் குதிரையை, பிடரியின் ஒவ்வொரு மயிரோடும் அவர் வரைவார். அது தாளிலேயே நிற்கும். பக்கத்தில் முறுக்கு விற்கிறவள் போட்ட மூன்று கால் கோழி எழுந்து போகும்.

இவ்வளவையும் கவுண்டருக்கு உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் சொர்ணபாய். நாற்பத்தாறு வயது. கால் பதிவு செய்வதும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு திருநெல்வேலி எக்ஸ்சேஞ்சோடு மன்றாடுவதும், லைன் கிடைத்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அவள் வேலை. பதினெட்டு வருஷத்தில் ஓர் எண்ணைக்கூட அவள் தவறாகச் சொன்னதில்லை. ஊரில் எல்லாருடைய கிறுக்கலும் எங்கெங்கோ போய்க்கொண்டிருந்த காலத்தில், சொர்ணபாயிடமிருந்து மட்டும் ஒன்றும் புறப்பட்டதில்லை.

அவளுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. பொன்சிங் என்று அவளுக்கு ஒரு தம்பி. தகப்பனார் இறந்தபோது அவனுக்கு ஏழு வயது; அவள்தான் வளர்த்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வேறு ஊரில் வைத்துக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சனம் வெளியே வருகிற நேரத்தில், பெண்ணோடு கோயில் வாசலில் வந்து நின்றான். சொர்ணபாய் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் நின்ற ஊரைப் பார்த்து, "இனிமே இவன் பேர எங்கிட்ட ஒருத்தரும் எடுக்கப்படாது" என்றாள். பொன்சிங் பம்பாய்க்குப் போனான். போனதும் ஒரு போன் நம்பரை மட்டும் எழுதி ஒரு கார்டு போட்டான். அவள் பதில் போடவில்லை. பிறகு கார்டு வரவில்லை. ஊர் அவள் சொல்லை அப்படியே காப்பாற்றியது. ஒன்பது வருஷமாக, கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும், அவள் வந்து உட்கார்ந்ததும் பேச்சு ஒருமுறை நின்று வேறு பக்கம் திரும்பும். இரண்டு வருஷத்திலேயே அவள் கோபம் தீர்ந்துபோயிருந்தது. ஆனால் ஊரைப் பார்த்துச் சொன்ன சொல்லை ஊரிடம் போய்த் திரும்பக் கேட்டு வாங்குவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. கிறுக்கலிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று எழுந்து நடந்தால் போதும், அதன் பின்னாலேயே போனால் அவன் இருக்கிற இடம் வந்துவிடும் என்று அவள் எண்ணினாள்.

ஆகவே ஆபீஸ் திறப்பதற்குக் கால் மணி முன்பே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து வரைந்து பார்த்தாள். அவள் வாத்துக்கு இமை மயிர் இருந்தது. அவள் பனையில் ஓலைகள் இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் இருந்தன. ஒருநாள் மாசிலாமணி சார் ஸ்டாம்பு வாங்க வந்தவர், கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

"வட்டத்த ஏன் மூடுதிய?"

"மூடாட்டி அது வட்டமா சார்?"

"மூடுன வட்டத்துக்குள்ளேருந்து என்னம்மா வெளிய வரும்? கொஞ்சம் வாசல் விடுங்க."

மறுநாள் சொர்ணபாய் ஸ்கேல் வைத்து அளந்து வாசல் விட்டாள். ஒருமுறை மட்டும் ஒரு மீன் எழுந்தது. எழுந்து, மேசைமேல் ஒரு வட்டமடித்து, நேரே அவள் மடியிலேயே வந்து படுத்துக்கொண்டது. அவள் அதை எடுத்து இழுப்பறையில் வைத்துவிட்டு, ஸ்டாம்பு விற்கத் தொடங்கினாள்.

எண்பத்தொன்பதாம் வருஷம் பிப்ரவரித் தொடக்கத்தில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மார்ச் முதல் தேதியிலிருந்து தேரிவிளைக்கு நேரடி டயலிங். எண்ணைச் சுழற்றினால் பம்பாய் பேசும். டிரங்க் கால் பதிவு நிறுத்தப்படும். பெஞ்சு, பழைய சாமான் கணக்கில் திருப்பி அனுப்பப்பட வேண்டும். ஊர் பட்டாசு வெடித்தது. தங்கையா, "இனிமே மூணு மணி நேரம் மிச்சம்" என்று சொல்லிவிட்டு, அந்த மூன்று மணி நேரத்தை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். காத்திருப்பு போனால் கிறுக்கலும் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. கடிதத்தைக் கோப்பில் வைத்த சொர்ணபாய் நாட்களை எண்ணினாள். இருபத்தாறு இருந்தன. இருபத்தைந்து நாளும் அதிகாலையில் வந்து வரைந்தாள். ஒன்றும் எழவில்லை.

பிப்ரவரி கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. மறுநாளே புது வசதி வருகிறதென்று அன்று ஒருவரும் கால் போட வரவில்லை. பெஞ்சு காலியாக இருந்தது. பத்தரை மணிக்கு சொர்ணபாய் எழுந்து, கம்பிக் கதவைத் திறந்துகொண்டு, கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். தபால் பிரித்துக்கொண்டிருந்த வைகுண்டத்தை, இருபது வருஷமாக அந்த ஊர்த் தபாலைச் சுமக்கிற போஸ்ட்மேனை, பார்த்தாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் என் சேர்ல உக்காருங்க. ஒரு கால் போடணும்."

வைகுண்டம் பையைக் கீழே வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டார். பதிவுப் புத்தகத்தை அவள் திருப்புவதுபோலவே எச்சில் தொட்டுத் திருப்பினார்.

"எந்த ஊருக்கு?"

"பம்பாய்." எண்ணைச் சொன்னாள். ஒன்பது வருஷத்துக்கு முந்திய எண்.

"ஆர்டினரியா, அர்ஜென்டா?"

"ஆர்டினரி."

"நம்பருக்கா, ஆளுக்கா? ஆளுக்குன்னா பேரு எழுதணும்."

இந்தக் கேள்வியைப் பதினெட்டு வருஷமாக அவள் ஊராரிடம் கேட்டிருக்கிறாள். இன்ன ஆள் வந்து பேசினால்தான் ஆயிற்று என்கிறவர்கள் படிவத்தில் அந்தப் பெயரை எழுதித் தர வேண்டும். சொர்ணபாய் பென்சிலை வாங்கினாள். எழுதினாள். வைகுண்டம் அந்தப் பெயரை வாய்விட்டுப் படிக்கவில்லை. ஆனால் படித்து முடிக்க, நான்கெழுத்துக்கு வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"மூணு மணி நேரம் ஆவும்."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. பெஞ்சில போய் உக்காருங்க தங்கச்சி."

அவள் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெஞ்சில் அவள் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்த பிறகுதான், இத்தனை நாளும் தான் வரைந்துகொண்டிருந்தது ஊரைக் காக்க வைக்கிற நாற்காலியிலிருந்து என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டுவிட்டு, கேட்டது வருமா வராதா என்று தெரியாமல் இருப்பது வேறு மாதிரியாக இருந்தது. சன்னலுக்கு வெளியே வேப்பமரம். அதன் கீழே ஒரு சைக்கிள். சைக்கிளைப் பார்த்ததும், குரங்குப் பெடல் அடித்து இடுப்பு வலிக்கிறது என்று அழுத பொன்சிங்குக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது; எண்ணெய் தேய்க்கையில் அவன் சிரித்தது; சிரித்தால் அவன் இடது பக்கம் மட்டும் குழி விழுவது; இப்போது நரைத்திருக்குமா; தகப்பனாருக்கு முப்பதிலேயே நரைத்தது; அந்தப் பெண், மஞ்சள் சேலை கட்டியிருந்தாள், அவள் முகத்தை அன்று நிமிர்ந்தே பார்க்கவில்லை; அவள் இவனுக்குச் சுடுகஞ்சி கொடுப்பாளா, இவனுக்கு ஆறின கஞ்சிதான் பிடிக்கும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்.

"சொர்ணபாய்," என்று கூப்பிட்டார் வைகுண்டம். "பம்பாய்."

மணி இரண்டு. அவள் ஓடிப்போய் ரிசீவரை எடுத்தாள். கடல் இரைவதுபோல் ஓர் இரைச்சலுக்கு அப்பால் ஒருவர் தமிழில் பேசினார். அது மாட்டுங்காவில் ஒரு மெஸ். "பொன்சிங்கா? அவரு இங்கேருந்து போயி ஆறேழு வருஷம் ஆச்சே. ஊருக்கே திரும்பிப் போறேன்னுதான் சொன்னாரு. நீங்க யாரு பேசுறது?" சொர்ணபாய், அக்கா என்று சொல்ல வாயெடுத்தபோது லைன் அறுந்தது.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பி வந்து பெஞ்சைப் பார்த்தாள். தாள் கிடந்தது. தாளில் பென்சில் அழுந்திய தடம் இருந்தது, கோடு இல்லை. தான் என்ன வரைந்தோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. இதற்குள் பென்ஷன் வாங்க வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க போச்சு?" என்றாள்.

மூன்று பேரும் இன்னும் கவனமாக முகட்டைப் பார்த்தார்கள். வைகுண்டம் மட்டும் முகட்டைப் பார்க்கவில்லை. அவர் வாசற்படியைப் பார்த்தார். அவர் எதுவும் சொன்னதாக ஆகாது. ஒரு மனிதன் படியைப் பார்க்கக் கூடாது என்று ஏற்பாடு எதுவும் இல்லை.

இரண்டாவது படியில் ஒரு நத்தை போய்க்கொண்டிருந்தது. மாசிலாமணி சாரின் அட்டையில் நத்தை கிடையாது. மூடாத ஒரு சுருள், அடியில் ஒரு கோடு, முன்னால் இரண்டு கொம்பு, அவ்வளவுதான். அது மூன்றாவது படிக்கு இறங்க யோசித்துக்கொண்டிருந்தது.

சொர்ணபாய் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று எழுதினாள். மறுநாள் தேரிவிளை முழுவதும் தபாலாபீஸில் வரிசையில் நின்று பம்பாய்க்கும் மதராஸுக்கும் எண் சுழற்றிக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு குடையும், பனையோலையில் முடைந்த ஒரு கடகப் பெட்டியும், தண்ணீர்ச் செம்பும் எடுத்துக்கொண்டு நத்தையின் பின்னால் நடந்தாள். நத்தை பஸ் நிலையத்துப் பக்கம் போகவில்லை. ஊரைத் தாண்டி, கிழக்கே, ஆலடிக்குடிக்குப் போகிற தார்ச்சாலையில் இறங்கி, ஓரமாகப் போனது. வெயில் ஏறினால் அவள் அதற்குக் குடை பிடித்தாள். லாரி வந்தால் முன்னே நின்று கையைக் காட்டினாள். விளக்கு வைக்கும் நேரத்தில் அது கொம்புகளைச் சுருளுக்குள் இழுத்துக்கொள்ளும். அவள் அதன்மேல் கடகப் பெட்டியைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு, ஆலடிக்குடியிலிருந்து திரும்பி வருகிற கடைசி பஸ்ஸை மறித்து ஏறி வீட்டுக்குப் போவாள். காலையில் முதல் பஸ்ஸில் வந்து பெட்டி இருக்கும் இடத்தில் இறங்குவாள்.

அந்த பஸ்ஸுக்குக் கண்டக்டர் சேர்மதுரை. இரண்டாம் நாள் அவர் கேட்டார்: "எங்கன இறக்க?"

"நேத்து ஏறுன எடத்துல."

மூன்றாம் நாள் கேட்கவில்லை. பெட்டி எங்கே தெரிகிறதோ அங்கே விசிலடித்தார். தினமும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி பஸ் நின்றது. பஸ்ஸில் வழக்கமாக வருகிறவர்களுக்கும் அது பழகிவிட்டது. "இன்னிக்கு நல்ல ஓட்டம்" என்பார்கள். "நேத்து மழத் தூத்தல்லா, அதான் கம்மி" என்பார்கள். நத்தையின் சுருள் முதல் நாள் மூன்று சுற்று இருந்தது. தாரில் தேய்ந்து தேய்ந்து இரண்டாகி, ஒன்றரையாகியிருந்தது. சொர்ணபாய் அதைக் குனிந்து பார்க்கும்போதெல்லாம், இது தீர்வதற்குள் போய்ச் சேருமா, பம்பாய்க்குப் போகாமல் இந்தச் சாலையில் ஏன் போகிறது, இது நிஜமாகவே பொன்சிங்கைத்தான் தேடிப் போகிறதா, அல்லது பெஞ்சில் இருந்தபோது நினைத்த வேறு எதையோவா என்று எண்ணிக்கொண்டே குடையை இன்னும் தாழ்த்திப் பிடிப்பாள்.

ஒன்பதாம் நாள் காலையில் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துக்கொண்டே சேர்மதுரை, "வெயில்ல அலையாதிய யக்கா. இன்னும் மூணு நாளுதான்" என்றார்.

சொர்ணபாய் டிக்கெட்டை வாங்கவில்லை.

"எதுக்கு மூணு நாளு?"

சேர்மதுரை விசிலை வாயில் வைத்துக்கொண்டார். ஊதவில்லை. பஸ்ஸிலிருந்த முப்பது பேரும் ஒரே நேரத்தில் சன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். சன்னல் கிடைக்காதவர்கள் பஸ்ஸின் தகர முகட்டைப் பார்த்தார்கள். தேரிவிளையில் அந்த முகங்களுக்குப் பொருள் என்ன என்று அவளுக்குத் தெரியும். ஆலடிக்குடி அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். முன் சீட்டில் தபால் பையோடு வைகுண்டம் உட்கார்ந்திருந்தார்; ஆலடிக்குடிக்குக் கட்டுத் தபால் கொண்டுபோகிற நாள்.

"அண்ணாச்சி," என்றாள். அவர் திரும்பவில்லை. "அண்ணாச்சி, பொன்சிங் ஆலடிக்குடியிலயா இருக்கான்?"

அவள் வாயால் அந்தப் பெயரைக் கேட்டதும், பஸ் முழுவதும் ஒன்பது வருஷம் இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஆறரை வருஷமாக அங்கேதான் இருக்கான். சைக்கிள் கடை. இல்லை, சைக்கிளும் ஸ்டவ் ரிப்பேரும். ரெண்டு பிள்ளை. மூணு, மூணாவது தை மாசம் பிறந்தது. டைபாய்டு வந்து எலும்பும் தோலுமாக் கெடந்தான், பொண்டாட்டிதான் எடுத்து நிறுத்துனா. தலை நரைச்சுப்போச்சு. நரைக்கல, அது பெயிண்டு, கேரியருக்கு அடிச்சது. மாசாமாசம் தேரிவிளைச் சந்தைக்கு வருவான், தபாலாபீஸ் இருக்கிற தெருவ மட்டும் சுத்திப் போவான். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மறுத்தார். மறுத்தவரை மூன்றாமவர் திருத்தினார். சொர்ணபாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று ஒன்றையும் விடாமல் கேட்டாள்.

"இத்தன நாளும் சொல்லலியே அண்ணாச்சி."

"நீங்க கேக்கலியே தங்கச்சி," என்றார் வைகுண்டம். "என் பையில அவன் பேருக்குத் தபால் வந்த நாளெல்லாம், இன்னிக்காவது கேப்பாவளான்னு ஒங்க கவுண்டர் முன்னால ரெண்டு நிமிஷம் சும்மா நிப்பேன். ஸ்டாம்புதான் எண்ணிட்டு இருப்பிய."

கடகப் பெட்டி இருந்த இடத்தைத் தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தது. "வண்டிய நிப்பாட்டுங்க" என்றாள் சொர்ணபாய்.

"என்னத்துக்கு? அஞ்சு நிமிஷத்துல கடை வாசல்லயே எறக்கி விடுதேன்," என்றார் சேர்மதுரை.

"அது அங்கன தனியா கெடக்குல்லா. பாதி வழியில விட்டுட்டு நான் மட்டும் போயிரவா?"

அவள் இறங்கித் திரும்பி நடந்தாள். அன்று முழுவதும் நத்தை வழக்கம்போலவே போயிற்று. அவள் வழக்கம்போலவே குடை பிடித்தாள்.

பத்தாம் நாள் காலை சேர்மதுரை விசிலடித்த இடத்தில், கவிழ்த்த பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையெல்லாம் கிரீஸ். காதோரம் நரைத்திருந்தது. அது பெயிண்டு இல்லை. பஸ் நின்றது, சொர்ணபாய் இறங்கினாள், பஸ் புறப்பட மறந்து நின்றது.

"விடிஞ்சதுலேருந்து இருக்கேன்," என்றான் பொன்சிங். "நாய் எதுவும் தள்ளிவிட்ரக் கூடாதேன்னு."

"எலும்பும் தோலுமாக் கெடந்தியாமே."

"அது நாலு வருஷத்துக்கு முந்தி."

"யாரு கஞ்சி காச்சிக் கொடுத்தா?"

"அவதான்."

"ஆறவச்சா?"

"மொதல்ல சுடச்சுடத்தான் கொடுத்தா. நாக்குப் பொத்துப் போச்சு. பெறவு படிச்சுக்கிட்டா." அவன் இடது கன்னத்தில் குழி விழுந்தது.

சொர்ணபாய் பெட்டியை நிமிர்த்தினாள். நத்தை கொம்புகளை நீட்டியது. ஒரு சுற்றுதான் மிச்சமிருந்தது. அது பொன்சிங்கின் பாதத்தை நோக்கித் திரும்பிப் புறப்பட்டது. இரண்டு சாண் தூரம். அதை இருவரும் பார்த்தார்கள். நத்தை அவன் கட்டைவிரலை நெருங்கியபோது, பொன்சிங் எழுந்து இரண்டடி பின்னால் வைத்து, ஆலடிக்குடிப் பக்கமாகத் தள்ளி நின்றான். நத்தை நின்று யோசித்துவிட்டு மறுபடி நடந்தது.

"ஏம்ல நவுந்த? வந்து சேரட்டும்."

"சேந்துட்டா முடிஞ்சிரும்லா அக்கா. ஒம்போது வருஷம் இருக்கு. நீ கோயில் வாசல்லேருந்து ஆரம்பி."

சொர்ணபாய் குடையை விரித்தாள். முதலில் அவனைத் திட்டினாள். ஒரு பர்லாங்கு தூரம் வரை திட்டினாள் என்கிறார்கள். அவன் கேட்டுக்கொண்டே, நத்தை நெருங்கும்போதெல்லாம் இரண்டடி பின்னால் வைத்துக்கொண்டே போனான். பிறகு அவன் பேசினான், அவள் குடை பிடித்துக்கொண்டே கேட்டாள். மத்தியானம் மஞ்சள் சேலை கட்டிய ஒருத்தி தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து, நாத்தனாருக்கு முதலில் ஊற்றினாள். ஆறியிருந்தது.

அந்த இரண்டு கிலோமீட்டருக்கு எத்தனை நாள் பிடித்தது என்பதில் பாடங்கள் ஒத்துப்போகவில்லை. தேரிவிளையில் இரண்டு நாள் என்கிறார்கள். ஆலடிக்குடியில் நான்கு என்கிறார்கள். லீவை நீட்டித்துத் தந்தி வந்தது என்று தபாலாபீஸில் சொல்கிறார்கள். அந்த வழியாகத் தினமும் போய் வந்த சேர்மதுரையைக் கேட்டால், தான் எண்ணவில்லை என்பார். அக்காவும் தம்பியும் நடுச்சாலையில் பேசிக்கொண்டு நிற்கும்போது, ஹாரன் அடிக்காமல் மண்ணில் இறக்கி வண்டியை ஓட்டச் சொல்வதற்கே தனக்குச் சரியாக இருந்தது என்பார்.